இரண்டு நொடி கன்மேன்

என் மகன் ஒரு சினிமாவில் நடித்தான். படம் வெளியே வருவதற்கு முன்பே அதிலிருந்து அவனை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். வெட்டியது வேறு யாரோ. வெட்டும்படி குரல் கொடுத்தது நான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். பெங்களூரு ஒக்கலிபுரத்தில் ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்து வளர்ந்தவன். இன்றைக்கு இருநூற்று நாற்பது செக்யூரிட்டிகள் என் ஏஜென்சி பெயர் போட்ட யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு இந்த ஊரைக் காவல் காக்கிறார்கள். பெரிய பெரிய அபார்ட்மென்ட் சங்கத் தலைவர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள், என்னைக் கண்டால் எழுந்து நாற்காலி போடுகிறார்கள். கன்னடத்தில் பேசினால் கன்னடக்காரன் என்று நினைப்பார்கள். உருதுவில் பேசினால் சலாம் வைப்பார்கள். இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு நகைக்கடை வாசலில் பதினாலு வருஷம் துப்பாக்கியோடு நின்று, நின்ற காலிலேயே முன்னுக்கு வந்தவன் நான்.

அந்த சினிமா ஒரு பழைய டிவி தொடரை வைத்து எடுத்தது. கொலை, கொள்ளை, போலீஸ் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. அதில் வரும் இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை இருக்கும். சந்தேகத்தில் பிடித்தவனை எதிரே உட்கார வைத்துவிட்டு, அவன் பேசப் பேச இவர் பாட்டுக்கு டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார். துப்பாக்கியை எடுப்பதே அபூர்வம். எடுத்தால் கை லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்ப்பதற்காகவே உட்கார்ந்த ஜனம் உண்டு.

அதைப் பெரிய படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். பெங்களூரு, ஓசூர், ஆனேக்கல், சென்னை என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். என் சூப்பர்வைசர் ஒருவர் என்னையும் சேர்த்துவிட்டார். சேர்ந்த ஒரே வாரத்தில் துப்பாக்கி விஷயம் எதுவானாலும் அங்கே நான்தான் சுப்ரீம் கோர்ட்.

எனக்கு ஃபோனில் எழுத வராது என்றில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால் வாய்ஸ் மெசேஜ்தான். எனக்கு நல்ல கனமான குரல். கடை வாசலில் "சார், பேக்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் பையைத் திறந்து காட்டுவான்.

குரூப்பில் முதல் சண்டை ஹீரோவைப் பற்றி. "தொப்பை இல்லாம இன்ஸ்பெக்டரா? இவரு பன்னு தின்னா ஜிம் மாஸ்டர் அடிப்பாரு குரு" என்று ஓர் ஆட்டோ டிரைவர் போடுவார். "சும்னே படம் வர்றதுக்கு முன்னாடியே ஒப்பாரி வைக்காதீங்க மச்சா" என்று கன்னடம் கலந்து போடுவார் குரூப்பை நடத்துகிற சாஃப்ட்வேர்காரர். பிரேசர் டவுனிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இருந்தார். அவர் மட்டும் புள்ளி, கமா எல்லாம் வைத்து எழுதுவார். "நடிகரின் உடம்பு முக்கியமில்லை. சுடுவதற்கு முன் அவர் தயங்குவாரா என்பதே என் கேள்வி." உடனே பத்துப் பேர் கைதட்டுவார்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தும். படித்தவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் சுடுவதைப் பற்றி என்னை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் பேசுவதா?

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டிரெய்லர் வந்தது. ஆபீஸில் உட்கார்ந்து ஃபோனிலேயே பார்த்தேன். எடுத்து எடுத்து வைத்தேன் தப்புகளை. ரிவால்வருக்கு சைலன்ஸர் மாட்டியிருந்தார்கள். ரிவால்வரில் மாட்டினாலும் சத்தம் அடங்காது, தோட்டா போடுகிற உருளைக்குப் பக்கத்து இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். ஆறு தோட்டா ரிவால்வரில் ஹீரோ ஒன்பது தடவை சுட்டார், நான் விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொன்றாக வாய்ஸில் போட்டேன். குரூப் கொண்டாடியது. "அண்ணா, நீங்க டைரக்டர் பக்கத்துல உக்காந்திருக்கணும்" என்றார் ஆட்டோக்காரர்.

டிரெய்லர் நடுவில் ஒரு நகைக்கடை வாசல் வரும். இரண்டு நொடிதான். தெருப்பக்கமிருந்து, தாழ்வாக வைத்து எடுத்திருந்தார்கள். இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒரு கன்மேன். தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும், முகம் நிழலில் கிடக்கும். துப்பாக்கியின் அடிக்கட்டை அவன் இடது ஷூவின் மேல் இருக்கும். அவ்வளவுதான், அடுத்து கொள்ளைக்காரர்களின் வேன் வந்துவிடும்.

டீச்சரம்மா எழுதினார்: "இந்த டிரெய்லரில் எனக்கு உண்மையாகப் பட்டவர் அந்தக் கடை வாசல் காவலர் ஒருவர்தான். அவருக்குக் கால் வலிக்கிறது. அது தெரிகிறது. யார் இந்த நடிகர்?"

நான் மைக் பட்டனை அழுத்தினேன். அன்றைக்கு என்ன பேசினேன் என்பது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருக்காமல் என்ன, ஊரே கேட்டது.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கிளாஸ்ல நின்னவங்க, நான் கடை வாசல்ல நின்னவன். அந்த ஆளுக்கு நிக்கவே தெரியல. துப்பாக்கிய எவனாவது ஷூ மேல வைப்பானா? மெஜஸ்டிக்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன் குடைய ஊனிக்கிட்டு நிப்பான் பாருங்க, அப்படி நிக்கிறான். பதினாலு வருஷம் நின்னேன் நானு. நெஞ்ச நிமித்தி, மிலிட்டரிக்காரன் மாதிரி. ஒரு நாள் சாஞ்சதில்ல. இவன மாதிரி ஒருத்தன் என் ஏஜென்சிக்கு வேலை கேட்டு வந்தா கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன். எங்கேருந்துதான் புடிச்சிக்கிட்டு வராங்களோ."

சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. டீச்சரம்மா, "அனுபவம் உள்ளவர் நீங்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மன்னிக்கவும்" என்று எழுதினார். அந்த "மன்னிக்கவும்" எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் வாய்ஸை நானே இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அது எனக்கு வழக்கம். மனைவி கீரையை ஆய்ந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். கை நின்றது.

"யாரச் சொல்றீங்க?"

"புதுப் படத்துல ஒரு கன்மேன் வர்றான். இங்க பாரு."

டிரெய்லரை ஓட்டிக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது நம்ம புள்ளைங்க."

எங்களுக்கு ஒரே மகன். முப்பத்துமூன்று வயது. தனியாக வீடு எடுத்து இருக்கிறான். ஒரு கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் நாடகம். தமிழிலும் நடிப்பான், கன்னடத்திலும் நடிப்பான். ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன். பாதியில் ஒரு அபார்ட்மென்டிலிருந்து ஃபோன் வந்தது, எழுந்து வந்துவிட்டேன். இருநூற்று நாற்பது பேர் எனக்காக நிஜமாகவே யூனிஃபார்ம் போடும்போது என் மகன் பொய்க்கு வேஷம் போடுகிறானே என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான் சொன்னான். மொத நாள் மொத ஷோவுக்கு உங்களக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தான். 'அப்பா பக்கத்துல உக்காந்துக்குவேன், படத்தப் பாக்க மாட்டேன், அவரு மூஞ்சியத்தான் பாப்பேன்'னு சொன்னான்."

"தொப்பி மூஞ்சிய மறைச்சிருக்கேடி. எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றாள். "நிக்கிறதப் பாத்தே தெரிஞ்சுதே."

மெசேஜை அழிக்கப் பார்த்தேன். அதற்குள் சூப்பர்வைசரின் ஃபோன். "சார், உங்க வாய்ஸ் யூடியூப்ல வந்துடுச்சு சார்! செம சார்!" எவனோ ஒருவன் என் குரலை எடுத்து அந்த இரண்டு நொடிப் படத்தோடு ஒட்டவைத்திருந்தான். என் மகன் வாசலில் நிற்கிறான், மறுபடி நிற்கிறான், மறுபடி நிற்கிறான். மேலே என் குரல் ஓடுகிறது. "உண்மையான கன்மேன் சொல்கிறார்" என்று பெரிய எழுத்து. கீழே இருந்த கமென்ட்டுகளை மனைவியைப் படிக்கச் சொன்னேன். நாலு படித்துவிட்டு, முடியாது என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"அது உங்க குரல்தானேப்பா?"

"தெரியாமப் பேசிட்டேன்டா. நீன்னு தெரிஞ்சிருந்தா..."

"நான்னு தெரிஞ்சிருந்தா நல்லா நிக்கிறான்னு சொல்லியிருப்பீங்களா?"

அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை. சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"ஆறு மாசம் முன்னாடி உங்களக் கேட்டேன், கடை வாசல்ல எப்படி நிப்பீங்கன்னு. ஹால்ல நின்னு காட்டினீங்க. ரிபப்ளிக் டே பரேடு மாதிரி. அத வச்சு வீட்டுல பிராக்டீஸ் பண்ணிப் பாத்தேன். அது நீங்க இல்லப்பா. ஸ்கூல் விட்டு டிபன் கேரியர வாங்கிட்டுப் போக வருவேன் இல்ல, எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்னு உங்களப் பாத்துட்டுத்தான் ரோட்டத் தாண்டுவேன். இடது ஷூ மேல கட்டைய வச்சிருப்பீங்க. வலது முட்டி மடங்கியிருக்கும். கார் வந்து நின்னா நிமிருவீங்க, உள்ள போயிட்டா மறுபடி சாஞ்சுக்குவீங்க. எலெக்‌ஷன் டைம்ல ரூல்படி துப்பாக்கிய போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டு வெறுங்கையோட நிப்பீங்க. அப்பவும் அந்த இடது கால் கொஞ்சம் முன்னாடியேதான் இருக்கும், மேல ஏதோ இருக்கிற மாதிரி."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"டைரக்டர் கேட்டாரு, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு. எங்கப்பான்னு சொன்னேன். அதனாலதான் அத டிரெய்லர்லயே வச்சாரு."

மன்னிச்சுக்கடா என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. எவ்வளவோ பேரைப் பேசியே மடக்கியவன் நான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் என்னைக்கும் அப்படி நின்னதில்லடா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "சரிப்பா" என்று எழுந்தான். அவனுக்காக அவள் ஆட்டுக்கால் பாயா வைத்திருந்தாள். சாப்பிடாமலே போய்விட்டான்.

கேட் சாத்துகிற சத்தம் அடங்கிய பிறகு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவள். "உங்க இடது கால் கட்டவிரலப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். நகம் தடித்து, கறுத்து, ஆமை ஓடு மாதிரி வளைந்திருந்தது. வலது கால் நகம் சாதாரணமாக இருந்தது. தினம் கழுவுகிற கால்தான், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ல உப்பு போட்டு வைப்பேன். ஒரு கால மட்டும்தான் உள்ள வைப்பீங்க. இடது ஷூவுல விழுந்த குழிய பாலிஷ் வச்சு வச்சு மூடினது யாரு? நான்தானே. எனக்கு மறக்கல. அவனுக்கும் மறக்கல. உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

அப்போதுதான் வந்தது எல்லாம். கடை வாசலுக்கு முதலாளி புதுசாகக் கறுப்பு கிரானைட் போட்டார். மறுநாளே துப்பாக்கிக் கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகடு பட்டு ஒரு கீறல் விழுந்தது. ஒரு கல்யாணக் கூட்டமே நகை வாங்க உள்ளே போய்க்கொண்டிருந்தபோது, அவர்கள் எதிரில் நிற்கவைத்துத் திட்டினார். என் ஒரு வருஷச் சம்பளம்கூட அந்தக் கல்லுக்கு ஈடாகாது என்கிற மாதிரி ஒரு பேச்சு. கிரானைட் அவருடையது, ஷூ என்னுடையது. அன்றிலிருந்து கட்டையை ஷூ மேல் வைத்தேன். கடையை விட்ட பிறகு ஏஜென்சி ஆரம்பித்தேன். புதிதாக வருகிற ஆட்களிடம், நான் மிலிட்டரிக்காரன் மாதிரி நின்றேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் நம்பினார்கள். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன். என் மகன் ஒருத்தன்தான் நிஜமாக நின்ற ஆளைப் பத்திரமாக வைத்திருந்தான். அவனைத்தான் நிற்கத் தெரியாதவன் என்றேன்.

சும்மா இருக்கிறவன் இல்லை நான். மறுநாளே விசாரித்து, படக் கம்பெனி இங்கே எடுத்திருந்த ஆபீஸுக்குக் காரில் போனேன். ஒரு உதவி இயக்குநர், சின்ன வயதுப் பெண், உட்காரச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"சார், நீங்க பேசறத எங்கேயோ கேட்டிருக்கேன். அந்த வாய்ஸ் நீங்களா?"

ஆமாம் என்றேன். அந்த ஆள் என் மகன் என்றேன். அவன் நின்றதுதான் சரி, நான் சொன்னது தப்பு, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அந்த சீன எடுத்துட்டாங்க சார். நேத்தே உங்க மகனுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டோம். எல்லாத்துக்கும் சிரிக்கிறாங்க, சிரிக்கிறதையெல்லாம் தூக்குன்னு புரொட்யூசர் சொல்லிட்டாரு. எடிட்டிங் முடிஞ்சுபோச்சு, இனிமே தொட முடியாது."

"ஹீரோ ரிவால்வருக்கு சைலன்ஸர் போட்டது? ஒன்பது தடவை சுட்டது?"

"அது ஹீரோ சார்."

இந்த ஊரில் நான் நுழைய முடியாத கேட் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

படம் வந்த முதல் நாள் நானும் அவளும் போனோம். அவனைக் கூப்பிட்டோம், ஆபீஸ் இருக்கிறது என்றான். விசில், காகிதம், கூச்சல். நகைக்கடை வந்தது. வேன் வந்து நின்றது. முகமூடி போட்ட நாலு பேர் இறங்கி நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் யாரும் இல்லை. வெயில் அடிக்கிற வெறும் வாசல். பக்கத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "சண்டைப் படத்துக்கு எதுக்கும்மா அழறீங்க?" என்று கேட்டார்.

வெளியே வந்து ஃபோனைப் பார்த்தால் குரூப்பில் அதே பேச்சு. "இவ்வளவு பெரிய நகைக்கடை, வாசல்ல ஒரு கன்மேன் கூட இல்லையா? என்னா குரு இது!" "துப்பாக்கி அண்ணனக் கேளுங்க." "அண்ணா, எங்க இருக்கீங்க? தீர்ப்பு சொல்லுங்க."

காரில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "வாசல்ல ஒருத்தன் இருந்தான். அவன் சரியாத்தான் நின்னான். நான்தான் பொய் சொன்னேன். அவன் என் மகன்." அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன வாய்ஸ் மெசேஜ் அதுதான். குரூப்பில் யாரோ ஹீரோவின் மீசையைப் பற்றி ஆரம்பித்தார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. டீச்சரம்மா மட்டும் தனியாக எனக்கு ஒரு வரி அனுப்பினார். "இதை உங்கள் மகனிடம் சொன்னீர்களா?"

சொல்லப் பார்த்தேன். அவனுக்கு என்று வாய்ஸ் பேசிப் பேசி அழித்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியம் ஒழுங்காக வரும். இரண்டாவதிலேயே, உன்னைப் படிக்க வைக்க நான் எப்படிக் கஷ்டப்பட்டேன் தெரியுமா என்று போய்விடும். கேட்டால் எனக்கே பிடிக்காது. இந்தக் குரலுக்கு வேறு பேசத் தெரியவில்லை. எழுதினால் கை மெதுவாகப் போகிறது. பெருமை வருவதற்குள் நிறுத்திக்கொள்ள முடிகிறது, எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும். அதனால்தான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி இதை எழுத ஆரம்பித்தேன்.

நாடகத்தை அவன் விட்டுவிட்டான். மனைவி சொல்லித்தான் தெரியும். ஒத்திகைக்குக் கூப்பிட்டால், இப்போது முடியாது என்கிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். "சாப்ட்டீங்களாப்பா" என்று கேட்கிறான், "ஆச்சுடா" என்கிறேன். மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டான்.

போன வாரம் வந்தபோது நான் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான். திறந்து கிடந்த பக்கத்தை அவன் பார்த்தது எனக்குத் தெரியும், பேனாவை எடுத்துவிட்டு நோட்டை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு நிமிஷம் நின்றிருப்பான். பிறகு, "அம்மா, காபி இருக்கா?" என்று கேட்டபடி சமையலறைப் பக்கம் போய்விட்டான்.